ரியல் அனாலிசிஸ் அரியர்

இங்க யாரும் வாறாவளா தம்பி? வரலையா, நல்லது. அந்தப் பையை மட்டும் கொஞ்சம் நகத்திக்கிடுங்க. ஆங், போதும் போதும்.

லீவு முடிஞ்சு மிலிட்டரிக்குத் திரும்பிப் போறீங்களாக்கும்? எப்படிக் கண்டுபிடிச்சேன்னுதானே பாக்கீங்க. தலைமுடி ஒண்ணு போதுமே. அப்புறம் இந்தப் பச்சைப் பை. மதுரையில போயி ரயில் புடிக்கணுமோ? நான் தாராளமாக் கேக்கலாம், நானும் ஆபீசர்தான். கேப்டன் சிவசைலம்.

எழுந்திரிக்க வேண்டாம், உக்காருங்க, பஸ்ஸுல என்ன மரியாதை. ஓ, செருப்பைத் தேடுனீங்களா. சரி சரி.

ரெஜிமென்ட் இல்ல தம்பி. என்.சி.சி. யுனிவர்சிட்டி காலேஜுல கணக்குப் பேராசிரியர், கூடவே என்.சி.சி. ஆபீசர். போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன். சிரிக்காதீங்க. நீங்க சிரிக்கல, தெரியும், ஆனா நிறையப் பேரு சிரிப்பாங்க, அதான் முந்திச் சொல்லிட்டேன். எங்களுக்கும் நாக்பூர் பக்கத்துல டிரெயினிங் உண்டு. ஓடவிட்டு, உருளவிட்டு, எல்லாம் உண்டு. முதல்ல லெப்டினன்ட், அப்புறம் கேப்டன், அப்புறம் மேஜர். எனக்கு மேஜர் வரல. கேப்டனாவே வீட்டுக்கு வந்துட்டேன்.

ஏன் வரலன்னு கேளுங்க. கேளுங்க, மதுரை போயிச் சேர நேரம் கிடக்கு. செண்பகவல்லின்னு ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல, நான் சொல்லவே மாட்டேன். எல்லாம் ஞானதுரைன்னு ஒரு மனுஷன் செஞ்ச வேலை. இப்ப அவரும் நானும் ரொம்ப வேண்டியவங்க ஆயிட்டோம், அது வேற விஷயம். அன்னிக்கு நடந்ததைச் சொல்லணும்லா.

செண்பகவல்லி கோவில்பட்டிக்குத் தெக்கே ஒரு ஊர்லேருந்து வந்த பொண்ணு. அப்பா அய்யாக்குட்டி லாரி டிரைவர், வடக்கே லோடு ஏத்திட்டுப் போனா மாசம் ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவாரு. வழியில மிலிட்டரி வண்டி வரிசையாப் போறதைப் பாத்தா லாரியை ஓரங்கட்டி நிறுத்திட்டு நிப்பாராம். அதை வீட்ல வந்து கதை கதையாச் சொல்லுவாராம். பொண்ணு அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்திருக்கு. பி.எஸ்ஸி. மேத்ஸ்ல சேந்த முதல் வாரமே என்கிட்ட வந்து நின்னுது. "சார், இதுல சேந்தா ஆபீசர் ஆகலாமா?"

பொதுவா என்ன கேப்பாங்க தெரியுமா? டிபன் உண்டா சார், மார்க்கு உண்டா சார். அதுதான் கேப்பாங்க. பரோட்டாக்காகவே சேர்ற பயலுவ உண்டு. இந்தப் பொண்ணு எடுத்த எடுப்புலயே ஆபீசர்னுது. நான் சொன்னேன், ஆகலாம்மா, என்.சி.சி.க்குன்னு தனி வழி இருக்கு, எழுத்துப் பரீட்சை கிடையாது, நேரா ராணுவத் தேர்வு போர்டு முன்னாடி போயி நிக்கலாம், தேறிட்டா சென்னை அகாடமில பயிற்சி. டிகிரி மட்டும் கையில வேணும். அவ்வளவுதான் சொன்னேன். அந்தக் கண்ணைப் பாக்கணுமே நீங்க.

அப்பாவும் பொண்ணும் ஒரு பேச்சு வச்சிருந்தாவ. மூணு வருஷம் படி, படிச்சு முடிக்கையில அகாடமில இடம் கிடைச்சா போ, கிடைக்கலன்னா அத்தை மகனைக் கட்டிக்கிடணும். அத்தை வீட்ல ஏற்கெனவே நெருக்கிக்கிட்டு இருந்தாவ. அய்யாக்குட்டிக்கு மகளை அனுப்பத்தான் ஆசை. ஆனா தங்கச்சிக்குக் குடுத்த வாக்குன்னு ஒண்ணு இருக்குல்லா.

கணக்கும் நல்லா வரும் அந்தப் பொண்ணுக்கு. ரியல் அனாலிசிஸ்னு ஒரு பேப்பர், பி.எஸ்ஸி.ல பாதிப் பேரை அழவைக்கிறது அதுதான். உங்களுக்குப் புரியுற மாதிரிச் சொல்லுதேன். ஒரு எண் வரிசை ஓர் இடத்தை நோக்கிப் போகுதுன்னு நிரூபிக்கணும். கிட்டத்தட்ட போகுதுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. ஒருநாள் பரேடுக்கு நடுவுல வேப்பமரத்தடியில உக்காந்து மத்த பொண்ணுங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தா. "ஒருத்தன் எதிர்ல நிக்கான்னு வச்சுக்கோங்கடி. இவ்வளவு பக்கத்துல வருவியாங்கான். வருவேன், இந்த இடம் தாண்டுனா வருவேன்னு சொல்லணும். அவன் விடமாட்டான், இன்னும் பக்கத்துலங்கான். அதுக்கும் ஓர் இடம் சொல்லணும். அவன் எவ்வளவு கேட்டாலும் நாம சொல்லிக்கிட்டே இருக்கணும். ஒரு தடவை முழிச்சாப் போச்சு." நான் பின்னால நின்னு கேட்டேன். முப்பது வருஷமா நடத்துறேன், எனக்கு இப்படிச் சொல்ல வரல. அந்தப் பேப்பரை அந்த வருஷம் நடத்துனது ஞானதுரை.

இப்ப ஞானதுரையைப் பத்திச் சொல்லணும். டாக்டர் ஞானதுரை, எங்க டிபார்ட்மென்ட் ஹெட். கெட்டிக்காரரு, அதை நான் எப்பவும் மறுக்க மாட்டேன். அவருக்கு என்.சி.சி.ன்னா இளக்காரம். ஒரு தடவை ஸ்டாஃப் ரூம்ல, எல்லாரும் இருக்கையில, நான் யூனிஃபார்ம்ல உள்ள நுழையுறேன். "வாங்க கேப்டன், எந்த நாட்டு மேல படையெடுப்பு?"ன்னு கேட்டாரு. சிரிச்சாங்க எல்லாரும். அதோட விட்டிருக்கலாம். "மைதானத்துல கத்துறதுக்குக் கணக்குல டாக்டர் பட்டம் தேவையான்னுதான் யோசிக்கேன்"னாரு. நான் அப்படியே திரும்பி வந்துட்டேன். அன்னையிலேருந்து அவர்கூடப் பேச்சு கிடையாது. டைம்டேபிள் மாத்தணும்னாகூட அட்டெண்டர் வழியாத்தான். வருஷக்கணக்கா அப்படித்தான் ஓடிச்சு. டிபார்ட்மென்ட் ஒண்ணும் நின்னுபோயிடல.

மூணாம் வருஷம் டெல்லி கேம்ப் வந்தது. குடியரசு தின அணிவகுப்பு, உங்களுக்குத் தெரியாததா. அதுக்கு ஆள் எடுக்க ஆகஸ்டுலேருந்து கேம்ப் மேல கேம்ப் போடுவாங்க. ஒவ்வொண்ணுலயும் வடிகட்டுவாங்க. எங்க காலேஜுலேருந்து ஒரு பொண்ணு டெல்லி போனதே இல்ல. நான் செண்பகவல்லி பேரைக் குடுத்தேன்.

வந்து நின்னுது. "சார், நான் டெல்லிக்குப் போகல சார். செப்டம்பர்ல இன்டர்னல் டெஸ்ட் இருக்கு. எனக்கு டிகிரிதான் சார் முக்கியம், போர்டுல டெல்லி கேம்ப் கேக்க மாட்டாங்களாம்."

யாரு சொன்னாங்கன்னு கேட்டேன். சீனியர் அக்கா சொன்னாங்கன்னுது. நான் சொன்னேன், நான் கேப்டன் சொல்லுதேன், சீனியர் சொல்றது பெருசா? கேம்ப்ல இருந்தா ஆன் டூட்டி, வருகைப்பதிவு எல்லாம் தானா வந்துரும். கிளம்பு. கிளம்பிருச்சு. அதான் டிரெயினிங். எதிர்த்து ஒரு சொல்லு பேசாது.

திருச்சில ஒரு கேம்ப், மதுரையில ரெண்டு, அப்புறம் சென்னையில. கடைசிக் கேம்ப்ல உயரம் அளக்குறப்ப வெளிய அனுப்பிட்டாங்க. ஒரு விரக்கடை கம்மி. எனக்கு எவ்வளவு வருத்தம் தெரியுமா? டெல்லி வரைக்கும் போயிருந்தா அந்த வருஷமே என் பேரு மேல போயிருக்கும்.

திரும்பி வந்தா ரெண்டு இன்டர்னல் டெஸ்டும் முடிஞ்சிருந்தது. மத்த பேப்பர்ல எல்லாம் மறு டெஸ்ட் வச்சுக் குடுத்துட்டாங்க. நான் நடத்துன பேப்பர்ல நானே வச்சேன். ரியல் அனாலிசிஸ்ல மட்டும் இன்டர்னல் சைபர். போயிக் கேட்டிருக்கா. ஞானதுரை என்ன சொன்னாராம், "உன்னைக் கேம்ப்புக்கு அனுப்பினது யாரும்மா? அவரு வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் வைக்கேன்."

ஒரு வார்த்தை! பாத்தீங்களா சூட்சுமத்தை? என்னை அவர் ரூம் வாசல்ல நிக்க வைக்கணும். அதுக்கு ஒரு பச்சைப் பிள்ளையைப் பகடைக்காயாக்குறாரு. நான் செண்பகவல்லிகிட்டச் சொன்னேன், இதுல நான் இறங்கிப் போனேன்னா என்.சி.சி.யே இறங்கிப் போன மாதிரிம்மா. நீ செமஸ்டர் பரீட்சைய நல்லா எழுது, இன்டர்னலே வேண்டாம், நீ கெட்டிக்காரிதானே.

எழுதுனா. பாதி கிளாஸ் கேக்காம, கேம்ப் கூடாரத்துல உக்காந்து படிச்சதை வச்சு எழுதுனா. இருபத்தஞ்சு மார்க் இன்டர்னல் சைபர்னா மிச்சத்துலதானே அத்தனையும் எடுக்கணும். பாஸாக ரெண்டு மார்க் குறைஞ்சுபோச்சு. அரியர். அந்தப் பொண்ணு வாழ்க்கையிலயே முதல் அரியர்.

அதுக்கென்ன, ஏப்ரல்ல திரும்ப எழுதிக்கிடலாம். அப்படித்தான் நினைச்சோம். ஏப்ரல்ல என்ன ஆச்சுன்னா, போர்டுலேருந்து அழைப்பு வந்திருச்சு. போபால்ல அஞ்சு நாள் இன்டர்வியூ. அந்த அஞ்சாம் நாளும் ரியல் அனாலிசிஸ் அரியர் பரீட்சையும் ஒரே நாள். வேற தேதி கேட்டு எழுதிப் பாத்தா, கிடைக்கல. அழுதுகிட்டு வந்து நின்னா. "எதை விட சார்?"

நான் யோசிக்கவே இல்ல. போபாலுக்குப் போன்னேன். பரீட்சை என்ன, அடுத்த தடவை எழுதலாம். போர்டு கூப்பிடுறப்ப போகலன்னா அது மரியாதையா?

போனா. நீங்க பாத்திருப்பீங்க, எத்தனை பேரு பெட்டியைத் தூக்கிட்டுத் திரும்பி வாறாங்கன்னு. பத்துத் தடவை போயும் தேறாத பசங்க இருக்காங்க. இந்தப் பொண்ணு முதல் தடவையிலயே தேறிட்டா தம்பி! முதல் தடவை! ஸ்டேஷன்லேருந்து போன் பண்ணுறா, பின்னால ரயில் சத்தம்தான் கேக்கு. "சார்… சார்… என் நம்பர் கூப்பிட்டாங்க சார்." அவ்வளவுதான் சொன்னா. மெடிக்கல்லயும் ஒரு குறையும் இல்ல.

காலேஜ் கேட்டுல பேனர் வச்சோம். என் போட்டோ ஒரு பக்கம், பிரின்சிபால் ஒரு பக்கம், மேல பட்டாலியன் கமாண்டர். செண்பகவல்லி போட்டோ கீழ, ஹால்டிக்கெட்டுல உள்ளது. அவசரத்துல அதான் கிடைச்சது. அய்யாக்குட்டி லாரியோட வந்து கேட்டு முன்னால நிறுத்திப் பேனரைப் பாத்துக்கிட்டே நின்னாரு. வாட்ச்மேன் வண்டிய எடுக்கச் சொல்லிச் சத்தம் போட்டான். அப்படியே நின்னாரு.

நான் அப்பவே ஒரு கணக்குப் போட்டேன். அகாடமிக்கு ஒரு கேடட்டை அனுப்பின ஆபீசர்னா என்.சி.சி. டைரக்டரேட்டுல பேரு நிக்கும். மேஜர் நிச்சயம். வீட்ல சங்கரிகிட்ட, அதான் என் வீட்டம்மா, சொல்லிட்டேன்கூட.

டிகிரி பாஸ் பண்ணுனதுக்குச் சான்று வேணும், அகாடமில சேர்றதுக்கு முன்னால. குறிப்பிட்ட தேதி போட்டு வந்திருச்சு. ஆறாம் செமஸ்டர் எல்லாம் பாஸ். இந்த ஒரு பேப்பர் நிக்கு. அடுத்த பரீட்சை நவம்பர்ல, அகாடமியோ அக்டோபர்ல ஆரம்பிச்சிரும். ஆனா ஒரு வழி இருந்தது. ஒரே ஒரு பேப்பர் மிச்சம் உள்ளவங்களுக்கு யுனிவர்சிட்டி ஜூலையில சிறப்புத் தேர்வு வைக்கும். அது கடைசி செமஸ்டர் பேப்பருக்குத்தான். முந்தின செமஸ்டர் பேப்பர்னா துறைத் தலைவர் சிபாரிசு பண்ணணும். பண்ணினா நடக்கும், நடந்திருக்கு.

திரும்ப ஞானதுரை வாசல்ல போயி நின்னா. அவரு திட்டல, வெரட்டல. "நீ தேறினது எனக்கும் சந்தோஷம்தாம்மா"ன்னாராம். "ஆனா டெஸ்ட்டுக்குத்தான் அவரு வரல. இதுக்காவது கேப்டன் வந்து கேக்கட்டும். வந்தா அன்னிக்கே சிபாரிசு பண்ணுதேன். எனக்கும் ஒரு மரியாதை உண்டுல்லா?"

எங்க வீட்டுக்கு வந்தா. சங்கரி காப்பி குடுத்தா, குடிக்கல. என் முன்னால நிமிர்ந்து நின்னுக்கிட்டே பேசுனா. "சார், நான் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல. இதை மட்டும் கேக்கேன். ஒரே ஒரு தடவை சாரைப் போயிப் பாருங்க சார்."

நான் சொன்னேன், செண்பகா, உனக்குப் புரியாது. இது உன் விஷயம் மட்டும் இல்ல.

அப்ப சங்கரி அடுப்படியிலேருந்து சொல்லுதா, "போயிட்டுத்தான் வாங்களேன், என்ன குறைஞ்சு போயிரும்?" இந்தப் பொம்பளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. யூனிஃபார்ம் மரியாதைன்னா என்னன்னு தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் அய்யாக்குட்டி வந்தாரு. வெயில்ல கறுத்த ஆளு, சட்டையெல்லாம் டீசல் வாடை. உள்ள வாங்கன்னா வரமாட்டேங்காரு. படியிலயே நின்னுக்கிட்டு, "சார், நான் படிக்காதவன். என்னமோ பரீட்சைங்கா, சிபாரிசுங்கா, எனக்கு ஒண்ணும் வெளங்கல. யாரு கால்ல விழணும்னு மட்டும் சொல்லுங்க, விழுந்துட்டு வாறேன்"னாரு.

எனக்கு மனசு என்னமோ ஆயிட்டுது. யாரு கால்லயும் விழ வேண்டாம், நம்ம பொண்ணு எதுக்கு விழணும், முறைப்படி நடக்கும்னு சொல்லி அனுப்பினேன். சொன்ன மாதிரி செஞ்சேன். சும்மா இருந்தேன்னு நினைச்சுராதீங்க. முறைப்படி பிரின்சிபாலுக்கு எழுதினேன், பட்டாலியனுக்கு ஒரு நகல். பிரின்சிபால் ரிஜிஸ்ட்ராருக்கு அனுப்பினாரு. ரிஜிஸ்ட்ரார் பரீட்சைப் பிரிவுக்கு. பரீட்சைப் பிரிவு என்ன செய்யும்? துறைத் தலைவர் கருத்துக்குன்னு ஞானதுரைக்கே அனுப்பிட்டாங்க. அவரு மேசையில கிடந்தது. ஜூலை சிறப்புத் தேர்வு முடிஞ்சுது. அப்பவும் நான் விடல, நினைவூட்டல் ஒண்ணு எழுதினேன். செண்பகவல்லி தினமும் வருவா. ஞானதுரை ரூம் வாசல்ல கொஞ்ச நேரம், என்.சி.சி. ஆபீஸ் வாசல்ல கொஞ்ச நேரம். நடுவுல ஒரு வராண்டா தம்பி, நீளமான வராண்டாகூட இல்ல. அந்தக் கோடியில அவரு ரூம், இந்தக் கோடியில என் ரூம். முதல்ல எல்லாம் வேகமா நடப்பா. அப்புறம் மெதுவா நடந்தா. அப்புறம் நடுவுல தூண்கிட்ட நிக்க ஆரம்பிச்சுட்டா. ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டு.

நான் ஒரு தடவை வெளிய வந்து சொன்னேன், இப்படி வராண்டாவுல நிக்காதம்மா, பாக்குறவங்க என்ன நினைப்பாங்கன்னு. "சரி சார்"னா. மறுநாள்லேருந்து வரல.

அகாடமி ஆரம்பிச்சதுக்கு அப்புறம் பதில் வந்தது. விதிகளில் இடமில்லை. ஒரே வரி.

அடுத்த தடவை விண்ணப்பிக்கலாமேன்னுதானே கேக்கப் போறீங்க? நானும் அதான் சொன்னேன். நவம்பர்ல அரியரை எழுதி முடி, அடுத்த வருஷம் போர்டுக்குப் போ. வயசு இருக்கு. ஆனா வீட்டுப் பேச்சு ஒண்ணு இருந்துச்சுல்லா. அத்தை வீட்டுக்காரங்க வந்து உக்காந்துட்டாவ. பேனர் வச்சு ஊரெல்லாம் சொல்லிட்டு, அப்புறம் அகாடமிக்குப் போகாம இருந்தா ஊரு என்ன பேசும்? பெயில் ஆயிட்டான்னு பேசுச்சு. அதுவாவது தேவல, கேம்ப்புல என்னமோ நடந்துட்டு, அதான் அனுப்பலன்னு பேசுச்சு. அய்யாக்குட்டி லாரிலயே இருந்துட்டாரு, வீட்டுக்கே வரல. கல்யாணம் நெருங்கையிலதான் வந்தாராம். நவம்பர்ல பரீட்சை நடக்கிற அன்னிக்குக் கல்யாண ஜவுளி எடுத்துக்கிட்டு இருந்தாங்க.

கல்யாணத்துக்கு முன்னால ஒருநாள் யூனிஃபார்மைத் திருப்பிக் குடுக்க வந்தா. சட்டை, பேன்ட் எல்லாம் கஞ்சி போட்டு மடிச்சு, பூட்ஸ் முகம் தெரியுற மாதிரி பாலிஷ். மேசையில வரிசையா வச்சா. நான் ஒண்ணொண்ணாப் பாத்து எடுத்தேன். தோள்ல மாட்டுற விசில் கயிறு இல்ல. எங்கம்மான்னு கேட்டேன். ஸ்டோர் கணக்குன்னா கணக்கு, நீங்க அறியாததா. "வீட்ல இருக்கு சார், அது மட்டும் நான் வச்சுக்கிடவா?"ன்னா. அரசாங்கப் பொருளும்மான்னேன். ரெண்டு நாள் கழிச்சு அய்யாக்குட்டிகிட்டக் குடுத்துவிட்டா. அவ்வளவு நேர்மையான பொண்ணு.

அந்த வருஷம் மேஜர் பட்டியல் வந்தது. என் பேரு இல்ல. அடுத்த வருஷமும் இல்ல. இப்பச் சொல்லுங்க, இதுல இழந்தது யாரு? ஞானதுரைக்கு ஒரு நஷ்டமும் இல்ல. அவரு ஹெட்டாவேதான் இருந்தாரு.

ஆனா ஒண்ணு, அவரு கெட்டவரு இல்ல. அதை நான் பின்னாலதான் தெரிஞ்சுக்கிட்டேன். என் மகன் விசாகன் எம்.எஸ்ஸி. முடிச்சுட்டு பிஎச்.டி. பண்ணணும்னான். கைடு கிடைக்கல. எல்லாரும் ஆள் நிறைஞ்சு போயிருக்காங்க. ஞானதுரைகிட்ட மட்டும் ஓர் இடம் இருந்துச்சு. விசாகன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளயே நடக்கான். சரின்னு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, அவரு சர்ச்சுக்குப் போயிட்டு வாற நேரமாப் பாத்து, ஆப்பிளும் அல்வாவும் வாங்கிக்கிட்டு நேரா வீட்டுக்கே போயிட்டேன். கேட்டைத் தொறந்தவர் ஒரு நிமிஷம் பாத்தாரு. "இதுக்கு இவ்வளவு வருஷமா கேப்டன்? உள்ள வாங்க"ன்னாரு. கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போறாரு தம்பி! அந்தம்மா காப்பி போட்டாங்க. காப்பி ஆறுறதுக்குள்ள பையனைச் சேத்துக்கிடுதேன்னுட்டாரு. நாமதான் போகணும். போயி வாயைத் தொறந்து கேட்டா எந்த மனுஷனும் கல்லு இல்ல. அதைத்தான் நான் இப்ப எல்லாருக்கும் சொல்லுதேன்.

கிளம்பும்போது அவரே ஆரம்பிச்சாரு. "அந்தப் பொண்ணு விஷயத்துல அன்னிக்கு நீங்க இப்படி வந்திருந்தா…"ன்னாரு. நான், "நீங்க ஒரு தடவை கூப்பிட்டிருந்தா"ன்னேன். அப்புறம் ரெண்டு பேரும் சரி விடுங்க, பழசைக் கிளறி என்ன ஆகப் போகுதுன்னு விட்டுட்டோம். பெரிய மனுஷத்தனம் அதானே.

அந்தம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துக் குடுக்கணும்னு சங்கரி சொன்னா. கிறிஸ்துமஸ் வருதுல்லா. திருநெல்வேலியில பெரிய கடை, மூணு மாடி, அங்க போனோம். பட்டுப் பிரிவுல ஒரு பொண்ணு பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தா. எனக்குச் சட்டுனு தெரியல. மெலிஞ்சு போயி, கடை யூனிஃபார்ம் சேலையில, கழுத்துல அட்டை. சங்கரிதான் என் கையைப் புடிச்சு அமுக்குனா. செண்பகவல்லி!

"என்னைத் தெரியுதாம்மா?"ன்னு கேட்டேன்.

"தெரியுது சார். எந்த மாதிரிச் சேலை பாக்கீங்க?"

அந்த அரியரை எழுதுனியாம்மான்னேன். "இல்ல சார்." எழுதியிருந்தா டீச்சர் வேலைக்காவது போயிருக்கலாமேன்னேன். அவ ஒரு சேலையை விரிச்சா. வீட்டுக்காரரு என்ன செய்யாரு? "ஊர்ல இருக்காரு சார்." அப்பா? "தவறிட்டாங்க சார், போன ஆடியில. நாக்பூர்கிட்ட, லாரி நிக்கையில பின்னால வந்து இடிச்சுட்டு." அதையும் சேலையை மடிச்சுக்கிட்டேதான் சொன்னா.

சங்கரி அழுதுட்டா. கடையில நின்னுக்கிட்டு அழுதா எப்படி இருக்கும் சொல்லுங்க? நான் பேச்சை மாத்தணும்னு, "இந்தச் சேலை யாருக்குத் தெரியுமா? நம்ம ஞானதுரை சார் வீட்டம்மாவுக்கு! நாங்க இப்ப ரொம்ப சிநேகம். விசாகன் அவர்கிட்டத்தான் பிஎச்.டி. பண்ணுதான்"னு சொன்னேன். அவளும் சந்தோஷப்படட்டும்னுதான்.

கை அப்படியே நின்னுட்டு. கொஞ்ச நேரம்தான். அப்புறம் விரிச்சு வச்சிருந்ததை எல்லாம் ஓரமா ஒதுக்கி வச்சுட்டு, மேல் தட்டுலேருந்து வேற ஒண்ணு எடுத்துப் போட்டா. "மேடம் கொஞ்சம் சிவப்பு சார். இந்தப் பச்சை எடுப்பா இருக்கும்." பாத்தீங்களா, மனசுல ஒண்ணுமே வச்சுக்கிடல. அதுதான் என் கேடட்.

வேலை எப்படிம்மா இருக்குன்னேன். "காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கணும் சார். வேற ஒண்ணும் இல்ல." நான் சொன்னேன், உனக்கென்னம்மா, பரேடு நின்ன காலுதானே!

"ஆமா சார்"னு சொல்லிட்டு, "அடுத்து யாரு, வாங்கம்மா"ன்னு பக்கத்துல நின்னவங்களைக் கூப்பிட்டா.

அந்தம்மா அந்தச் சேலையைக் கட்டிக்கிட்டுத்தான் கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சுக்குப் போனாங்களாம். நல்லா இருந்துச்சாம். ஞானதுரை போன் பண்ணிச் சொன்னாரு. சங்கரிதான் அன்னையிலேருந்து எங்கூடச் சரியாப் பேச மாட்டேங்கா, காரணம் கேட்டா சொல்லவும் மாட்டேங்கா.

என்ன தம்பி, எழுந்திரிச்சுட்டீங்க? மதுரை இன்னும் வரலியே, இப்பத்தான் விருதுநகரே தாண்டியிருக்கு. பின்னாடி சீட்டுக்கா? அங்க வெயில் அடிக்குமே. காத்து வேணும்னா சொல்லுங்க, ஜன்னலைத் தொறந்து விடுதேன். தம்பி… பேரைக்கூடச் சொல்லலியே நீங்க.